எந்த வீட்டுக்காரர்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஐந்தாண்டு சட்டப் படிப்பில் நான்காம் ஆண்டு. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழி. மாணவர்கள் கற்பனை வழக்கில் வாதாடும் மூட் கோர்ட் போட்டியில் இரண்டு முறை முதல் சுற்றோடு திரும்பியிருக்கிறீர்கள். இப்போது சர்வதேச கட்சிக்காரர் நேர்காணல் போட்டியின், அதாவது வக்கீலைத் தேடி வருகிறவரிடம் கேட்டறிந்து ஆலோசனை சொல்லும் போட்டியின், இந்தியச் சுற்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். எந்தச் சட்டத்தைப் படிப்பது, ஆங்கிலம் சரளமாக வராமல் இதில் நிற்க முடியுமா, இதனால் பின்னால் வேலைக்கு ஏதாவது பயன் உண்டா என்று மூன்று கேள்விகள். ஆனால் உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்த பிறகு, மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் பட்டது: நன்றாகப் பேசத் தெரிந்தவர்களுக்கான இடத்தில் எனக்கு என்ன வேலை? இது பேச்சுப் போட்டியே இல்லை. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

சென்னை சிட்டி சிவில் கோர்ட்டிலும் குடும்ப நீதிமன்றத்திலும் 18 வருடமாக வழக்கு நடத்துகிறேன். மாணவியாக இருந்தபோது இந்தியச் சுற்றில் ஒருமுறை கலந்துகொண்டு அரையிறுதியோடு வெளியே வந்தேன். அதன் பிறகு சில அணிகளைப் பழக்கியிருக்கிறேன், சில தடவை நடுவராகவும் உட்கார்ந்திருக்கிறேன். சர்வதேசச் சுற்றில் நான் போட்டியிட்டதில்லை. அதைப் பற்றி நான் எழுதுவதெல்லாம் விதிகளைப் படித்தும், போய்வந்த மாணவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டது.

இந்தப் போட்டி இரண்டு அமெரிக்க வழக்கறிஞர்களின் பெயரில் நடக்கிறது. லூயிஸ் எம். பிரவுன் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். வழக்கு வந்த பிறகு வாதாடுவதைவிட, வழக்கே வராமல் ஆலோசனை சொல்வதுதான் வக்கீலின் முதல் வேலை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்கென்று 1950-லேயே ஒரு கையேடு எழுதினார். ஃபாரஸ்ட் மோஸ்டன் குடும்ப வழக்குகளும் சமரசமும் பார்த்தவர். யார் பெயரில் போட்டி நடக்கிறதோ அந்த இருவருமே கோர்ட்டுக்கு வெளியே தீர்ப்பதில் நம்பிக்கை வைத்தவர்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் எங்கே போகிறது என்பது அதிலிருந்தே விளங்கும்.

நடக்கும் முறை எளிது. அணிக்கு இரண்டு பேர். ஒரு நாட்டுக்கு ஓர் அணி, அந்த நாட்டுச் சுற்றில் ஜெயித்தது. ஒவ்வொரு ஆண்டும் ஒரு சட்டத் துறையைத் தலைப்பாக அறிவிப்பார்கள். போட்டிக்கு முன்பு உங்களுக்குக் கிடைப்பது, கட்சிக்காரர் போனில் அப்பாயின்ட்மென்ட் கேட்டபோது அலுவலக ஊழியர் குறித்துவைத்ததுபோல இரண்டு மூன்று வரி, அவ்வளவே. அறைக்குள் கட்சிக்காரராக நடிக்க ஒருவர் வருவார். அவர் கையில் முழுக் கதையும் இருக்கும். எதைத் தானாகச் சொல்ல வேண்டும், எதைக் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும், எதை நம்பிக்கை வந்தால் மட்டும் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தனியாக எழுதிக் கொடுத்திருப்பார்கள். பேசி முடித்து அவர் வெளியே போன பிறகு, நீங்கள் இருவரும் நடுவர்கள் முன்னிலையிலேயே அந்தச் சந்திப்பை அலசிப் பேச வேண்டும். நிமிடக் கணக்கு போட்டிக்குப் போட்டி கொஞ்சம் மாறும். அந்த ஆண்டின் விதித்தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவர்களில் வக்கீல்கள் இருப்பார்கள், கூடவே உளவியல் ஆலோசகர் மாதிரி சட்டத்துக்கு வெளியே இருந்து ஒருவரும் இருப்பது வழக்கம். அவர் சட்டப் பிரிவு எண்ணைக் கேட்க வரவில்லை. எதிரே இருப்பவரிடம் நீங்கள் மனிதராக நடந்துகொண்டீர்களா என்று பார்க்க வந்திருக்கிறார்.

நான் ஒன்றைக் கற்றுக்கொண்ட கதையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். 2008, நான் ஜூனியராகச் சேர்ந்து மூன்று மாதம். வக்கீல் அலுவலகங்கள் நிறைந்த தம்புச்செட்டித் தெருவில் மாடியில் ஓர் அறை. சீனியர் ஒரு கேஸ் கட்டைப் பார்த்துக்கொண்டே, வந்திருந்த அம்மாவை என்னிடம் பேசச் சொன்னார். வியாசர்பாடியிலிருந்து வந்திருந்தார், முப்பது வயது இருக்கும், கையில் ஒரு மஞ்சள் பை. "வீட்டுக்காரர் அட்வான்ஸ் பணத்தைத் தரமாட்டேங்கறாரும்மா, நாப்பதாயிரம்" என்றார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை அப்போதுதான் படித்து முடித்திருந்தேன். வாடகை எவ்வளவு, ரசீது இருக்கிறதா, அக்ரிமென்ட் யார் பெயரில் என்று வரிசையாகக் கேட்டேன். அவரும் பதில் சொன்னார். வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் ரெண்ட் கண்ட்ரோலரிடம் போவதா, பணத்துக்கு சிவில் வழக்குப் போடுவதா என்று பத்து நிமிடம் விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கையில் ஒரு சாவி. அதை மேசையில் வைப்பார், எடுப்பார், திரும்ப வைப்பார். நான் பார்த்தேன், ஆனால் கவனிக்கவில்லை.

சீனியர் தலை நிமிர்ந்து ஒரே கேள்வி கேட்டார். "அது எந்த வீட்டுச் சாவிம்மா?"

"அந்த வீட்டுதுதான் சார். பூட்டை மாத்திட்டாங்க."

"யாரு மாத்துனது?"

"ஓனரு. இவருதான் காலி பண்ணிட்டோம்னு சொல்லி அட்வான்ஸை வாங்கிட்டுப் போயிட்டாரே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் சொன்ன வீட்டுக்காரர் வீட்டு உரிமையாளர் இல்லை, கணவர். அட்வான்ஸை வாங்கிக்கொண்டு, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் தெருவில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அடியும் இருந்தது. அதை அவர் சொல்ல இன்னும் அரைமணி நேரம் ஆயிற்று. வாடகைச் சட்டத்துக்கு அங்கே வேலையே இல்லை. தேவைப்பட்டது 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் 12-ஆம் பிரிவின்படி ஒரு மனு, அதில் இருப்பிடத்துக்கும் பணத்துக்கும் நிவாரணம். நான் கேட்ட கேள்விகளில் ஒன்றுகூடத் தவறான கேள்வி இல்லை. முதல் வாக்கியத்தைக் கேட்டவுடனே இது என்ன வழக்கு என்று முடிவு கட்டிவிட்டேன், அதுதான் தவறு.

இது என் ஒருத்தியின் குறை இல்லை. 1984-இல் பெக்மன், ஃபிராங்கல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் டாக்டர்களின் அறையில் நடந்த 74 சந்திப்புகளைப் பதிவுசெய்து கேட்டார்கள். நோயாளி பேச ஆரம்பித்து சராசரியாக 18 விநாடிக்குள் டாக்டர் குறுக்கிட்டார். வக்கீல்களை யாராவது அப்படி அளந்திருந்தால் நாம் மேலாக வந்திருப்போம் என்று எனக்குத் தோன்றவில்லை. போட்டியிலும் நான் பார்த்த பெரும்பாலான அணிகள் தோற்றது இந்த இடத்தில்தான். சட்டம் தெரியாமல் தோற்றவர்கள் மிகக் குறைவு.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: அந்த ஆண்டுத் தலைப்பில் ஒரு நல்ல பாடநூல் அளவுக்குப் படித்தால் போதும். நேரத்தையெல்லாம் கேட்கப் பழகுவதில் போடுங்கள். கட்சிக்காரர் உட்கார்ந்ததும் "என்ன விஷயம், உங்க வார்த்தையிலேயே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் தானாக நிறுத்தும்வரை பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். நிறுத்திய பிறகும் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். மூட் கோர்ட்டில் பழகியவர்களுக்கு அந்த ஐந்து விநாடி நரகம். அங்கே அமைதி என்றால் உங்களுக்குப் பதில் தெரியவில்லை என்று அர்த்தம். இங்கே அந்த அமைதிக்குள்தான் ஒளிந்திருக்கும் விவரம் வெளியே வரும். அதன் பிறகு அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் அவருக்கே திருப்பிச் சொல்லி, சரியா என்று கேளுங்கள். தேதி, தொகை, சாட்சி, காகிதம் எல்லாம் அடுத்து. கடைசியில், "இது எப்படி முடிஞ்சா உங்களுக்கு நிம்மதி?" என்று ஒரு கேள்வி. இந்தக் கேள்வியைக் கேட்காத அணிகள் பல. பணம் வேண்டும் என்று வந்தவர் உண்மையில் மன்னிப்புக் கேட்கட்டும் என்று நினைத்து வந்திருப்பார். கேட்காதவர்களுக்கு அது தெரியாமலே போகும்.

ஆங்கிலத்துக்கு வருகிறேன். ஒரு சுற்றில் நடுவராக இருந்தபோது, கட்சிக்காரராக வந்தவர் 'பார்ட்னர்' என்ற சொல்லை நான்கைந்து தடவை சொன்னார். மளமளவென்று ஆங்கிலம் பேசிய அணி அதைத் தொழில் கூட்டாளி என்று எடுத்துக்கொண்டு, கூட்டு நிறுவனத்தைக் கலைப்பது பற்றி அழகாக விளக்கியது. அடுத்து வந்த அணியில் ஒரு பெண் தயங்கித் தயங்கித்தான் பேசினார். "மன்னிக்கணும், பார்ட்னர்னு சொல்றீங்களே, தொழில்லயா, வீட்லயா?" என்று கேட்டார். இரண்டிலும் என்று பதில் வந்தது. கதை முழுவதும் அந்த ஒரு பதிலுக்குப் பின்னால் இருந்தது. அந்த அறையில் நாங்கள் மூன்று நடுவர்களும் அந்த அணியைத்தான் முதலில் வைத்தோம். இந்தப் போட்டியில் நடுவர்கள் அணிகளை ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்துகிறார்கள். உச்சரிப்புக்கென்று தனி இடம் அதில் இல்லை.

இரண்டு மொழிக்கு நடுவில் வாழ்கிறவருக்கு ஒரு சொல்லை உடனே நம்பிவிடாத பழக்கம் இருக்கும். அது உங்கள் பலம். புரியாவிட்டால் திரும்பக் கேட்பது இங்கே குறையில்லை, அதற்குத்தான் மதிப்பெண். ஆனால் ஒன்று: அடிப்படை ஆங்கிலம் வேண்டும். வேகமாகப் பேசுகிறவரைப் பின்தொடர முடிய வேண்டும், சின்னச் சின்ன வாக்கியத்தில் தெளிவாகச் சொல்ல முடிய வேண்டும். அதுவும் இல்லையென்றால் கஷ்டம், பொய் சொல்ல மாட்டேன். பயிற்சியைத் தமிழில் ஆரம்பியுங்கள். கேட்கும் முறை உடம்பில் படிந்த பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். என் மாணவர்களில் ஆங்கிலத்திலேயே ஆரம்பித்தவர்கள் வாக்கியத்தை மனதுக்குள் கட்டிக்கொண்டிருந்தார்கள், அதற்குள் கட்சிக்காரர் சொன்னது போய்விட்டது.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைக் கட்டாயம் விட வேண்டும். கட்சிக்காரர் கண்கலங்கினால் நம் வாயில் தானாக வருவது "கவலைப்படாதீங்க, பாத்துக்கலாம்" என்பது. தம்புச்செட்டித் தெருவில் அதற்கு அர்த்தம் "நான் உங்களோடு இருக்கிறேன்". ஆங்கிலத்தில் அதை அப்படியே சொன்னால் "ஜெயித்துக் கொடுக்கிறேன்" என்ற வாக்குறுதியாகக் கேட்கும், நடுவர்கள் உடனே குறித்துக்கொள்வார்கள். இங்கேயும் அது சரியில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். பாத்துக்கலாம் என்று நான் சொன்னதை நம்பி, எதிர்த்தரப்பு கொடுக்க முன்வந்த நியாயமான தொகையை வேண்டாம் என்றவர்களை எனக்குத் தெரியும். அழுகிறவரிடம் தண்ணீரை நகர்த்தி வைத்துவிட்டு, "நேரம் எடுத்துக்கோங்க" என்று சொல்லி, நீங்களும் பேசாமல் இருங்கள். அடுத்த கேள்வி காத்திருக்கும்.

ரகசியம் காப்பது பற்றி எல்லா அணிகளும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகின்றன, ஆனால் அரைகுறையாக. "நீங்கள் சொல்வது எதுவும் இந்த அறையைத் தாண்டாது" என்பது உண்மையில்லை. 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 132-ஆம் பிரிவு, பழைய சாட்சியச் சட்டத்தில் 126, கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியிடக் கூடாது என்கிறது. ஆனால் சட்டவிரோதக் காரியத்தை நடத்துவதற்காகச் சொல்லப்பட்டதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. "என் அண்ணன் கையெழுத்தை நானே போட்டு ஒரு பத்திரம் தயார் பண்ணணும்" என்று கட்சிக்காரர் நடுவில் சொல்வதுபோலக் கதை எழுதுவார்கள். அப்போது முதலில் தந்த வாக்குறுதி உங்கள் கழுத்தைப் பிடிக்கும். ஃபீஸ் விஷயமும் இப்படித்தான். ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று பேசுவது அமெரிக்காவில் பல வழக்குகளில் சகஜம், வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதிகளில் தடை. போட்டி எந்த நாட்டில் நடந்தாலும், இரண்டு விதமும் உண்டு என்ற அறிவோடு உட்காருங்கள்.

ஆலோசனை சொல்லும்போது உறுதியாகத் தெரிந்ததையும் சரிபார்க்க வேண்டியதையும் பிரித்துச் சொல்லுங்கள். ஓர் உதாரணம். நம் ஊரில் பத்து மாத அட்வான்ஸ் பழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று இருக்கிறது. ஒரு பயிற்சியில் மாணவர் ஒருவர் இதை வைத்து "உங்க ஓனர் செஞ்சது சட்டவிரோதம்" என்று அடித்துச் சொல்லிவிட்டார். அதே பிரிவின் தொடக்கத்தில் 'வேறு உடன்பாடு இருந்தாலொழிய' என்ற பொருளில் ஒரு வார்த்தை இருக்கிறது. கட்சிக்காரர் கையெழுத்துப் போட்ட அக்ரிமென்டை அவர் கேட்டு வாங்கிப் பார்க்கவே இல்லை. "அக்ரிமென்டைப் பாத்துட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்றேன்" என்றிருந்தால் முழு மதிப்பெண். வழிகளைச் சொல்லும்போது கோர்ட்டை மட்டும் சொல்லாதீர்கள். உயர் நீதிமன்ற வளாகத்திலேயே 2005 முதல் சமரச மையம் இயங்குகிறது. எதுவும் செய்யாமல் விடுவதும் ஒரு வழிதான், அதன் லாப நஷ்டத்தையும் சொல்ல வேண்டும். எது வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது கட்சிக்காரரின் வேலை.

அவர் போன பிறகு வரும் பகுதியைப் பலர் வீணடிக்கிறார்கள். "ரொம்ப நல்லா கேட்டே", "நீயும்தான்" என்று ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டே நேரம் ஓடிவிடும். அங்கே நடுவர்கள் கேட்க விரும்புவது: எதைத் தவறவிட்டோம், எந்த இடத்தில் அவர் முகம் மாறியது, எந்தச் சட்டத்தைச் சரிபார்க்க வேண்டும், நாளை காலை யார் என்ன செய்வது. செய்த தவறை அங்கே நேராகச் சொன்ன அணிகள் மேலே ஏறியதைப் பார்த்திருக்கிறேன்.

பயிற்சிக்கு இடம் தேடி அலைய வேண்டாம். பார் கவுன்சில் பாடத்திட்டத்திலேயே மூட் கோர்ட், இன்டர்ன்ஷிப் தாளில் இரண்டு கட்சிக்காரர் சந்திப்புகளை வக்கீல் அலுவலகத்திலோ சட்ட உதவி மையத்திலோ நேரில் பார்த்து டைரி எழுத 15 மதிப்பெண் ஒதுக்கியிருக்கிறார்கள். பெரும்பாலும் முந்தின வருட டைரியைப் பார்த்து ஒரே இரவில் எழுதி முடிக்கிறார்கள், எனக்கு அதில் ஆற்றாமை உண்டு. நீங்கள் நிஜமாகவே போய் உட்காருங்கள். சட்டக் கல்லூரி மாணவர்கள் இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகவும் சேரலாம். அங்கே வருகிறவர்கள் காகிதம் இல்லாமல், தேதி நினைவில்லாமல், கதையை நடுவிலிருந்து ஆரம்பிப்பார்கள். எந்தப் போட்டிக் கதையும் அவ்வளவு கடினமாக இருக்காது. ஒரு எல்லை மட்டும்: நீங்கள் இன்னும் வக்கீல் இல்லை. கேளுங்கள், குறித்துக்கொள்ளுங்கள். ஆலோசனை சொல்வதை அங்கிருக்கும் வக்கீலிடம் விட்டுவிடுங்கள். அவர்களின் கதையைப் பெயரோடு வெளியே பேசாதீர்கள்.

வேலைக்கு உதவுமா என்ற கேள்வியில் எனக்கு உறுதி இல்லை. பெரிய சட்ட நிறுவனங்கள் விண்ணப்பத்தில் மூட் கோர்ட்டைத்தான் அதிகம் தேடுகின்றன என்பது என் எண்ணம், கணக்கு எதுவும் என்னிடம் இல்லை. தனியாக பிராக்டீஸ் பண்ணப் போகிறீர்கள் என்றால் முதல் மாதத்திலிருந்தே உதவும், அதை அனுபவத்தில் சொல்வேன். செலவு கல்லூரியைப் பொறுத்தது, இப்போதே முதல்வரிடம் எழுத்தில் கேளுங்கள். பாஸ்போர்ட் இல்லையென்றால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். ஜெயித்த பிறகு விண்ணப்பித்துத் தவித்த ஓர் அணியை எனக்குத் தெரியும்.

ஜோடி யார் என்று நீங்கள் எழுதவில்லை. நன்றாகப் பேசுகிறவரைத் தேடாதீர்கள். நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது குறுக்கே வராமல், நீங்கள் விட்டதை மட்டும் பிடித்து எடுக்கிறவர் வேண்டும். ஒருவர் முழுதாகக் கேட்க, மற்றவர் குறித்துக்கொண்டு கடைசியில் ஓட்டைகளை அடைப்பது நல்லது. மாறி மாறிக் கேள்வி கேட்டால் எதிரே இருப்பவருக்கு போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும்.

என்னிடம் பயிற்சிக்கென்று எழுதிய மூன்று கதைகள் இருக்கின்றன. வேண்டுமென்றால் சொல்லுங்கள், அனுப்புகிறேன். கட்சிக்காரராக நடிக்க உங்கள் வீட்டிலோ தெருவிலோ சட்டம் படிக்காத ஒருவரைப் பிடியுங்கள், அம்மாவோ சித்தியோ யாராக இருந்தாலும் சரி. அவருக்கான தாளை மட்டும் ஒட்டித்தான் அனுப்புவேன். அதை நீங்களும் உங்கள் ஜோடியும் பிரிக்கக் கூடாது.